கர்வை சுத்தி வால்யூம் கண்டுபிடிக்கிறது எப்படி: ஃபார்முலாவை விடுங்க, ஆரத்தை பிடிங்க

ஒரு கர்வ் அடைக்கிற ஏரியாவை ஒரு அச்சை சுத்தி சுழட்டினா ஒரு திடப்பொருள் வரும், அதோட வால்யூமை, அதாவது கன அளவை, எடுக்கறதுதான் இந்த கணக்கு. டிப்ளமோ முடிச்சிட்டு லேட்டரல் என்ட்ரில நேரா ரெண்டாவது வருஷம் இன்ஜினியரிங்ல போய் உக்கார்றவங்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். பர்ஸ்ட் இயர் கால்குலஸ் நமக்கு யாரும் நடத்தறதில்ல, ஆனா செகண்ட் இயர்ல வர்ற ஒவ்வொரு சாரும் "இதெல்லாம் உங்களுக்கு தெரிஞ்சதுதானே"ன்னு ஒரு வரில தாண்டி போயிடுவாரு. டிப்ளமோல கூம்புக்கும் கோளத்துக்கும் வர்ற புரூஃபை மனப்பாடமா எழுதி மார்க் வாங்கிட்டு வந்திருப்போம், அச்சு கொஞ்சம் தள்ளி இருந்தாலே கை நின்னுடும். நான் அம்பத்தூர் எஸ்டேட்ல கொஞ்ச நாள் லேத்துல நின்னுட்டு படிக்க வந்தவன். லேத்துல சுத்தற ஒவ்வொரு ஜாபும் இந்த கணக்குதான், இருந்தும் புக்கை திறந்தா ஒன்னும் ஓடல. அந்த சாப்டரோட மல்லு கட்டினதுல என்னென்ன உருப்படியா இருந்துச்சோ அதை மட்டும் வரிசையா எழுதறேன்.

ஒன்னே ஒன்னு முன்னாடியே சொல்லிடறேன். டிஸ்க், வாஷர், ஷெல்னு மூணு ஃபார்முலாவையும் (எது என்னன்னு அஞ்சாவது ஸ்டெப்ல வரும்) தனித்தனியா மனப்பாடம் பண்ணாதீங்க. ஒவ்வொரு கணக்குலயும் கேக்க வேண்டியது ரெண்டே கேள்விதான்: ஏரியால நான் வெட்டின மெல்லிசான பட்டை சுத்தினா என்ன ஷேப் ஆகும், அது அச்சுல இருந்து எவ்வளவு தூரத்துல இருக்கு. இதுக்கு பதில் தெரிஞ்சா ஃபார்முலா தானா வந்து நிக்கும்.

1. உங்க சிலபஸ்ல எது வரைக்கும் இருக்குன்னு பாருங்க

இதை பாக்காம யூடியூப்ல இறங்கினா தேவையில்லாததை எல்லாம் படிச்சிட்டு இருப்பீங்க.

ஸ்டேட் போர்டு பன்னெண்டாவதுல மேத்ஸ் ரெண்டாவது தொகுதி, ஒன்பதாவது சாப்டர் கடைசில இது வருது. எக்ஸ் அச்சு, ஒய் அச்சு, இந்த ரெண்டையும் சுத்தி சுழட்டறதை நல்லா போட தெரிஞ்சா போதும். சிபிஎஸ்இ பசங்களுக்கு என்சிஇஆர்டி புக்குல பரப்பளவோட கதை முடிஞ்சிடும், வால்யூம் கிடையாது, ஜேஈஈ சிலபஸும் பரப்பளவோடதான் நிக்கும், அதனால நல்ல மார்க் எடுத்த சிபிஎஸ்இ பையன் கூட காலேஜ்லதான் இதை முதல் தடவையா பாப்பான், அதுக்கு வெக்கப்பட ஒன்னுமில்ல. ஈசிஆர் பக்கம் கேம்பிரிட்ஜ் ஏ லெவல் படிக்கிற பசங்களுக்கு பியூர் மேத்ஸ் முதல் பேப்பர்லயே இருக்கு. இன்ஜினியரிங்ல டபுள் இன்டெக்ரல், டிரிபிள் இன்டெக்ரல் வெச்சு வால்யூம் எடுக்கறது வேற விஷயம், ஆனா அதுக்கு லிமிட் போடற புத்தி இங்கதான் வரும்.

2. கைல என்ன இருக்கணும், எவ்வளவு செலவாகும்

பெருசா ஒன்னும் ஆகாது. ஸ்டேட் போர்டு புக் பிடிஎஃப் ஃப்ரீயா இறக்கிக்கலாம், தமிழ் மீடியம் இங்கிலீஷ் மீடியம் ரெண்டும் இறக்கி பக்கத்துல பக்கத்துல வெச்சுக்கோங்க, ஒன்னுல புரியாத வரி இன்னொன்னுல புரிஞ்சிடும். அச்சு புக்தான் வேணும்னா நுங்கம்பாக்கம் காலேஜ் ரோடு பழைய டிபிஐ வளாகத்துல (இப்ப பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம்) பாடநூல் கழகம் இருக்கு. காலேஜ் லெவலுக்கு ஓபன்ஸ்டாக்ஸ் கால்குலஸ் முதல் வால்யூம் ஃப்ரீ, அதுல ஆறாவது சாப்டர்தான் நமக்கு வேணும், 6.2 ஸ்லைஸ் பண்றது, 6.3 ஷெல், அந்த ரெண்டை மட்டும் ஜெராக்ஸ் கடைல பிரிண்ட் போட்டுக்கோங்க, மொத்த புக்கையும் போட்டு காசை விடாதீங்க. பழைய இன்ஜினியரிங் மேத்ஸ் புக் வேணும்னா சென்ட்ரல் பக்கத்துல மூர் மார்க்கெட்ல பேரம் பேசி வாங்கலாம், வாங்கறதுக்கு முன்னாடி இந்த சாப்டர் பக்கம் கிழியாம இருக்கான்னு ஒரு தடவை புரட்டி பாருங்க.

வீட்ல உக்கார இடம் இல்லேன்னா கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துல சொந்த புக்கை கொண்டு போய் படிக்கிறதுக்குன்னே தனியா இடம் இருக்கு, பறக்கும் ரயில்ல கோட்டூர்புரத்துல இறங்கினா நடக்கற தூரம்தான்.

அப்புறம் கோடு போடாத நோட்டு ஒன்னு, ரெண்டு கலர் பேனா, ஒரு டெய்லர் டேப் (எதுக்குன்னு ஒன்பதாவது ஸ்டெப்ல வரும், ரங்கநாதன் தெருவுல சில்லறை காசுக்கு கிடைக்கும்). போன்ல ஜியோஜிப்ரா போட்டு வைங்க, அதுவும் ஃப்ரீ, கர்வை சுத்தி 3டில காட்டும். இந்த ஒரு டாபிக்குக்காக தனியா டியூஷன் பீஸ் கட்டணும்னு யாராவது சொன்னா ரெண்டு வாரம் நீங்களே உக்காந்து பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

3. இது வராம அது வராது

வால்யூம் வரலன்னு சொல்றவங்கள்ல நிறைய பேருக்கு உண்மைல வராதது வால்யூம் இல்ல, கர்வ் வரையறது. கீழ இருக்கறதை புக் பாக்காம வரைய முடியுதான்னு பாருங்க: நேர்கோடு, மேல பாக்கற பரவளையம், பக்கவாட்டுல படுத்த பரவளையம், ஒய் = √எக்ஸ், ஆதியை மையமா வெச்ச வட்டம், நீள்வட்டம், சைன் கர்வ். அவ்வளவுதான். வராதது எதுவோ அதை முதல்ல சரி பண்ணிட்டு வாங்க.

இன்டெக்ரேஷன்ல பவர் ரூல் தண்ணி பட்ட பாடா இருக்கணும், பின்ன அடுக்குக்கும் சேர்த்துதான் சொல்றேன். (அ + ஆ)² விரிக்கறது எல்லாருக்கும் தெரியும்னு நினைப்போம், ஆனா மார்க் போறதே அங்கதான், நடுவுல வர்ற ரெண்டு மடங்கை விட்டுட்டு போறவங்க காலேஜ்லயும் இருக்காங்க.

4. படம் போடாம பேனாவை எடுக்காதீங்க

படத்துல அஞ்சு விஷயம் இருக்கணும். கர்வ், ஏரியாவை அடைக்கிற மத்த கோடுகள், வெட்டிக்கிற புள்ளிகள் (நம்பரோட), சுழற்சி அச்சு தடிமனா வேற கலர்ல, அப்புறம் ஏரியாவுக்குள்ள ஒரே ஒரு மெல்லிசான பட்டை. திடப்பொருளை 3டில அழகா வரையணும்னு அவசியமே இல்ல, ட்ராயிங் வராதவங்க பயப்படாதீங்க, தட்டையான படமே போதும்.

அந்த பட்டைதான் எல்லாம். அதை வரையாம கணக்கை ஆரம்பிச்சா பாதி வழில டிஎக்ஸா டிஒய்யான்னு குழப்பம் வரும், வந்துச்சுன்னா திரும்ப முதல்ல இருந்துதான்.

5. பட்டையை எந்த பக்கமா வெட்டறது

ரெண்டு வழிதான் இருக்கு.

அச்சுக்கு செங்குத்தா பட்டை வெட்டினீங்கன்னா, அது சுத்தும்போது ஒரு தகடு வரும். பட்டை அச்சை தொட்டுட்டு இருந்தா ஓட்டை இல்லாத தகடு, அதான் டிஸ்க். தொடாம இடைவெளி விட்டு இருந்தா நடுவுல ஓட்டை, அதான் வாஷர். தகட்டோட கன அளவு π × ஆரம்² × தடிமன். வாஷருக்கு π × (வெளி ஆரம்² − உள் ஆரம்²) × தடிமன்.

அச்சுக்கு இணையா பட்டை வெட்டினீங்கன்னா, சுத்தும்போது பைப் மாதிரி ஒரு ஓடு வரும், அதான் ஷெல். இந்த பைப்பை நீளவாக்குல ஒரு வெட்டு வெட்டி தட்டி நிமித்தினா ஒரு ஷீட் கிடைக்கும்ல, ஷீட்டோட நீளம் 2π × அச்சுல இருந்து தூரம், அகலம் பட்டையோட உயரம், தடிமன் பட்டையோட தடிமன். மூணையும் பெருக்குங்க. ஷெல் ஃபார்முலா முழுக்க இதுதான், ஷீட் மெட்டல்ல வேலை பாத்தவங்களுக்கு இது புதுசே இல்ல.

டிஎக்ஸா டிஒய்யா? நிக்கிற பட்டைன்னா அதோட தடிமன் எக்ஸ் பக்கமா இருக்கு, அதனால டிஎக்ஸ். படுத்த பட்டைன்னா டிஒய். அச்சு எதுவா இருந்தாலும் இது மாறாது. "ஒய் அச்சை சுத்தினா எப்பவும் டிஒய்"னு சில நோட்ஸ்ல போட்டிருக்கும், அது டிஸ்க்குக்கும் வாஷருக்கும் மட்டும்தான் உண்மை, ஷெல் போட்டா தலைகீழ்.

எந்த வழின்னு எப்படி முடிவு பண்றது? ஈக்வேஷனை பாருங்க. ஒய் = 4எக்ஸ் − எக்ஸ்³, எக்ஸ் 0-ல இருந்து 2 வரைக்கும், அதை எக்ஸ் அச்சோட அடைச்சு ஒய் அச்சை சுத்தி சுழட்டணும்னு வெச்சுக்கோங்க. வாஷர் போடணும்னா எக்ஸை ஒய் மூலமா எழுதணும், அது மூணாம் படி சமன்பாடு, உக்காந்தா எந்திரிக்க முடியாது. ஷெல் போட்டா 2π ∫ எக்ஸ் (4எக்ஸ் − எக்ஸ்³) டிஎக்ஸ், அதாவது 2π (32/3 − 32/5), 128π/15. மூணு வரில முடிஞ்சுது. எந்த பக்கம் வெட்டினா ஈக்வேஷனை திருப்பி எழுத வேண்டாமோ, எந்த பக்கம் வெட்டினா ஏரியாவை ரெண்டு துண்டா உடைக்க வேண்டாமோ, அந்த பக்கம் வெட்டுங்க.

6. ஒரே ஏரியா, நாலு அச்சு

என்னை கேட்டா இந்த சாப்டருக்கு இருக்கறதுலயே நல்ல பயிற்சி இதுதான். இருபது வேற வேற கணக்கு போடறதுக்கு பதிலா ஒரே ஏரியாவை எடுத்துக்கிட்டு அச்சை மட்டும் மாத்தி மாத்தி போடுங்க, எது மாறுது எது மாறலன்னு கண்ணுக்கு தெரியும்.

ஏரியா: ஒய் = √எக்ஸ், எக்ஸ் அச்சு, எக்ஸ் = 4. மூணுக்கும் நடுவுல இருக்கற துண்டு. வரைஞ்சுக்கோங்க, மேல் மூலை (4, 2).

முதல் அச்சு, எக்ஸ் அச்சு. நிக்கிற பட்டை, அச்சை தொடுது, டிஸ்க். ஆரம் √எக்ஸ், அதோட வர்க்கம் எக்ஸ். π ∫ எக்ஸ் டிஎக்ஸ், 0-ல இருந்து 4. விடை 8π.

ரெண்டாவது, ஒய் அச்சு. அதே நிக்கிற பட்டையை விட்டா இப்ப ஷெல். தூரம் எக்ஸ், உயரம் √எக்ஸ். 2π ∫ எக்ஸ்√எக்ஸ் டிஎக்ஸ், அதாவது 2π × (2/5) × 32, 128π/5. இதையே படுத்த பட்டை வெச்சும் போடுங்க: இப்ப வாஷர், வெளி ஆரம் 4, உள் ஆரம் ஒய்², லிமிட் 0-ல இருந்து 2. π ∫ (16 − ஒய்⁴) டிஒய் = π (32 − 32/5) = 128π/5. ரெண்டு வழிலயும் ஒரே விடை வந்தா கிடைக்கற நிம்மதியே தனி. லிமிட்டை கவனிங்க, டிஎக்ஸ்ல 4 வரைக்கும் போனது டிஒய்ல 2 வரைக்கும்தான், இதை மாத்த மறந்துட்டு 4-ன்னே போடறது ரொம்ப சாதாரணமா நடக்கற தப்பு.

மூணாவது, ஒய் = −1 கோடு. அச்சு கீழ ஒரு அலகு இறங்கிடுச்சு, இப்ப நிக்கிற பட்டைக்கும் அச்சுக்கும் நடுவுல இடைவெளி இருக்கு, அதனால வாஷர். வெளி ஆரம் √எக்ஸ் + 1, உள் ஆரம் 1. π ∫ [(√எக்ஸ் + 1)² − 1] டிஎக்ஸ். விரிச்சா எக்ஸ் + 2√எக்ஸ், இன்டெக்ரேட் பண்ணா 8 + 32/3. விடை 56π/3. இங்க நிறைய பேர் முதல் விடையை எடுத்து ஏதாவது ஒன்னை கூட்டிட்டு போலாம்னு பாப்பாங்க, அது நடக்காது, அச்சு நகர்ந்தா ஆரம் மாறுது, ஆரம் வர்க்கத்துல இருக்கு.

நாலாவது, எக்ஸ் = 4 கோடு. படுத்த பட்டை இந்த அச்சை தொடுது, அதனால ஓட்டை இல்ல, டிஸ்க். ஆரம் 4 − ஒய்². π ∫ (4 − ஒய்²)² டிஒய், 0-ல இருந்து 2, அதாவது π (32 − 64/3 + 32/5), 256π/15. ஷெல்லுலயும் போட்டு பாருங்க, தூரம் 4 − எக்ஸ், உயரம் √எக்ஸ், அதே விடை வரும்.

நாலுலயும் ஏரியா ஒன்னுதான், கர்வ் ஒன்னுதான். மாறினது ஆரம் மட்டும்தான். ஆரம்னா எப்பவும் ஒரு தூரம், பெருசுல இருந்து சின்னதை கழிக்கறது. அச்சு கீழயோ இடது பக்கமோ நகர்ந்தா கூட்டணும், வலது பக்கமோ மேலயோ இருந்தா அச்சுல இருந்து கர்வை கழிக்கணும், ஆனா இதை ரூலா வெச்சுக்காதீங்க, படத்துல விரலை வெச்சு பாத்து எழுதுங்க.

7. மார்க் பறிபோற இடங்கள்

வாஷர்ல வெளி ஆரத்துல இருந்து உள் ஆரத்தை கழிச்சிட்டு அப்புறம் வர்க்கம் எடுக்கறது. இதுதான் நம்பர் ஒன். ஒய் = 2எக்ஸ், ஒய் = எக்ஸ்² ரெண்டுக்கும் நடுவுல இருக்கற ஏரியாவை எக்ஸ் அச்சை சுத்தினா, சரியா போட்டா π ∫ (4எக்ஸ்² − எக்ஸ்⁴) டிஎக்ஸ், 64π/15. கழிச்சிட்டு வர்க்கம் எடுத்தா 16π/15. சரியா நாலுல ஒரு பங்குதான் வருது, கணக்கு பாக்க அழகா முடியறதால சந்தேகமே வராது, அதான் இது ஆபத்து. தனித்தனியா வர்க்கம், அப்புறம் கழித்தல். லேத்துல போரிங் போடும்போதும் அதான நடக்குது, முழு ராடோட மெட்டல்ல இருந்து ஓட்டையோட மெட்டலை எடுக்கறோம்.

சமச்சீரான ஏரியாவை முழுசா சுத்தறது இன்னொன்னு. ஒய் = எக்ஸ்² கர்வுக்கும் ஒய் = 1 கோட்டுக்கும் நடுவுல இருக்கற கிண்ணத்தை ஒய் அச்சை சுத்தணும்னு கேட்டா, வலது பாதி சுத்தினாலே முழு கிண்ணம் வந்துடும். அதை மறந்து ஷெல்லுல −1-ல இருந்து 1 வரைக்கும் போட்டீங்கன்னா விடை பூஜ்யம்! எக்ஸ் நெகட்டிவ் ஆகும்போது தூரமும் நெகட்டிவ்னு நீங்களே எழுதி குடுத்திருக்கீங்க, அப்புறம் எப்படி வரும். 0-ல இருந்து 1 வரைக்கும் மட்டும் போடுங்க, π/2 வரும்.

விட்டத்தை ஆரம்னு எடுக்கறது, π-யை முதல் வரில எழுதிட்டு கடைசி வரில விட்டுடறது, இதெல்லாம் சொல்லி தெரிய வேண்டியதில்ல.

8. விடை சரியான்னு பாக்க ரெண்டு வழி

ஒன்னு, சுத்தி ஒரு உருளையை கற்பனை பண்ணுங்க. நம்ம ஏரியா எக்ஸ் அச்சை சுத்தினப்போ அது ஆரம் 2, நீளம் 4 உள்ள உருளைக்குள்ள அடங்கும், அதோட கன அளவு 16π. நம்ம விடை 8π, உள்ள அடங்குது, சரி. ஒய் அச்சை சுத்தினப்போ ஆரம் 4, உயரம் 2, 32π. நம்ம விடை 25.6π, அதுவும் அடங்குது. உருளையை தாண்டி விடை வந்தா எங்கயோ உதைக்குதுன்னு அர்த்தம். பத்து செகண்ட் வேலை இது.

ரெண்டாவது பாப்பஸ் தேற்றம். ஏரியாவோட பரப்பளவை, அதோட மையம் (சென்ட்ராய்டு) சுத்தற வட்டத்தோட சுற்றளவால பெருக்கினா கன அளவு வரும், ஏரியா அச்சை குறுக்க வெட்டாம இருந்தா போதும். மேல எடுத்த ஏரியாவுக்கு பரப்பளவு 16/3, மையம் (2.4, 0.75). எக்ஸ் அச்சுக்கு 2π × 0.75 × 16/3 = 8π. ஒய் அச்சுக்கு 2π × 2.4 × 16/3 = 25.6π. ஒய் = −1 கோட்டுக்கு தூரம் 1.75 ஆகும், எக்ஸ் = 4 கோட்டுக்கு 1.6, போட்டு பாருங்க, நாலும் டாண்ணு பொருந்தும். பரீட்சைல மெத்தட் கேட்டா இதை எழுதாதீங்க, ரஃப் பக்கத்துல வெச்சுக்கோங்க. மெக்கானிக்கல், சிவில் பசங்களுக்கு எப்படியும் இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ்ல இது திரும்ப வரும்.

9. வீட்டு குடத்தை அளந்து பாருங்க

இது சிலபஸ்ல இல்ல, ஆனா இதை ஒரு தடவை செஞ்சா இன்டெக்ரல்னா என்னன்னு ஜென்மத்துக்கும் மறக்காது. கர்வுக்கு ஈக்வேஷனே இல்லாத பொருளுக்கு என்ன பண்றதுங்கறதுக்கும் இதான் பதில்.

லாரி தண்ணி பிடிக்கற பிளாஸ்டிக் குடம் ஒன்னை எடுங்க. தரைல இருந்து 5 சென்டிமீட்டருக்கு ஒரு தடவை ஸ்கெட்ச் பேனால கோடு போட்டுட்டு, ஒவ்வொரு கோட்டுலயும் டெய்லர் டேப்பை சுத்தி சுற்றளவு எடுங்க. எங்க வீட்டு குடத்துல கீழ இருந்து மேல வரைக்கும் வந்தது 60, 80, 94, 96, 84, 60, 44 சென்டிமீட்டர். உயரம் மொத்தம் 30. சுற்றளவு தெரிஞ்சா அந்த மட்டத்துல குறுக்குவெட்டு பரப்பளவு சுற்றளவு² ÷ 4π, ஆரத்தை தனியா கண்டுபிடிக்க வேண்டியதே இல்ல.

இப்ப சிம்ப்சன் ரூல், அதாவது சம இடைவெளில எடுத்த அளவுகளை மடங்கு போட்டு கூட்டி இன்டெக்ரலோட மதிப்பை சுமாரா எடுக்கற வழி. துண்டுகள் எண்ணிக்கை இரட்டைப்படையா இருக்கணும், நம்மகிட்ட 6 துண்டு இருக்கு. முதலும் கடைசியும் ஒரு மடங்கு, நடுவுல இருக்கறது 4, 2, 4, 2, 4-னு மாத்தி மாத்தி. சுற்றளவோட வர்க்கங்கள் 3600, 6400, 8836, 9216, 7056, 3600, 1936. மடங்கு போட்டு கூட்டினா 1,14,184. இதை 5/3-ஆல (5 நம்ம இடைவெளி, 3 ரூல்லயே இருக்கறது) பெருக்கி 4π-ஆல வகுத்தா சுமார் 15,144 கன சென்டிமீட்டர், அதாவது 15.1 லிட்டர்.

அப்புறம் ஒரு லிட்டர் பாட்டில்ல பிடிச்சு ஊத்தி பாத்தேன், 14 பாட்டில் முழுசா போச்சு, பதினஞ்சாவதுல முக்கால் பாட்டில்தான் பிடிச்சுது. வித்தியாசத்துக்கு முக்கியமான காரணம், டேப் சுத்தினது வெளிப்பக்கம், தண்ணி நிக்கறது உள்பக்கம். பிளாஸ்டிக் ஒன்னரை மில்லிமீட்டர் தடிமன் இருந்தாலே குடம் முழுக்க சேர்த்து கிட்டத்தட்ட 400 மில்லி போயிடும். அடில உள்ள தள்ளின குழி இருக்கற குடம்னா இன்னும் கொஞ்சம் குறையும். எங்க அம்மா "தண்ணி வர்ற நேரத்துல குடத்தை வெச்சு என்னடா விளையாட்டு"ன்னு திட்டினாங்க, நீங்க லாரி வராத நாளா பாத்து செய்ங்க, ஊத்தின தண்ணியை திரும்ப அண்டால ஊத்திடுங்க.

நெளியாத சில்வர் குடம், செம்பு, டம்ளர் எதுக்கும் இது ஓடும். நெளிஞ்ச குடத்துக்கு ஓடாது, குறுக்குவெட்டு வட்டமா இருக்கணும்.

10. எவ்வளவு நாள் ஒதுக்கணும், பரீட்சைல எவ்வளவு நேரம்

தினம் ஒரு மணி நேரம்னா ரெண்டு வாரம் தாராளமா போதும். முதல் மூணு நாள் இன்டெக்ரேஷன் பக்கமே போகாதீங்க, கர்வ் வரைஞ்சு பட்டை வெட்டி ஆரத்தை மட்டும் எழுதிட்டு அடுத்த கணக்குக்கு போங்க. அப்புறம் நாலு நாள் டிஸ்க்கும் வாஷரும், மூணு நாள் ஷெல். மிச்ச நாள்ல ஆறாவது ஸ்டெப் மாதிரி ஒரே ஏரியாவை பல அச்சுல சுத்துங்க. ஜியோஜிப்ராவை விடை பாத்த பிறகு திறங்க, முதல்லயே அதுல பாத்துட்டா படம் மனசுல தங்காது.

ஸ்டேட் போர்டு பன்னெண்டாவது பேப்பர் 90 மார்க், 3 மணி நேரம், கணக்கு போட்டா மார்க்குக்கு 2 நிமிஷம். இது 5 மார்க்குல வந்தா 10 நிமிஷம் இருக்கு, படத்துக்கு 2, செட் பண்றதுக்கு 3, இன்டெக்ரேட் பண்றதுக்கு 3, செக்குக்கு 2-னு பிரிச்சுக்கோங்க. 5 மார்க் எல்லாமே இது அல்லது அதுன்னு சாய்ஸோட வரும், அதனால பக்கத்துல இருக்கற கேள்வியையும் படிச்சிட்டு எது சீக்கிரம் முடியும்னு பாத்து எடுங்க, வால்யூம் கணக்கு பொதுவா சின்னதாதான் முடியும், பயந்து தாண்டி போகாதீங்க. 2 மார்க், 3 மார்க்ல வந்தா நேரடி டிஸ்க்காதான் இருக்கும்.

விடைல π-யை அப்படியே விட்டுடுங்க, 3.14 போட்டு பெருக்கிட்டு உக்காராதீங்க, கால்குலேட்டரும் கிடையாது. கேள்வியில சென்டிமீட்டர் குடுத்திருந்தா கன சென்டிமீட்டர்னு எழுதுங்க, ஒன்னும் குடுக்கலேன்னா கன அலகுகள்.